ஜூன் மாதம் ஏறாத பாறை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டெவில்ஸ் டவர் என்றொரு பாறை தன்னந்தனியாக நிற்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை 264 மீட்டர். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியபோது நெடுக வெடிப்புவிட்டு, தூண்களை நெருக்கி நிறுத்தினாற்போல் ஆகிவிட்டது. அந்த வெடிப்புகளில் விரல்களைச் செருகி, பாதத்தைத் திருகி நுழைத்து, அங்குலம் அங்குலமாக ஏறுவார்கள். மலையேறுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

லகோட்டா, ஷெயென், கயோவா முதலிய பூர்வகுடி மக்களுக்கோ அது வழிபடும் இடம். அடிவாரத்துப் பைன் மரக்கிளைகளில் வண்ணத் துணிகளை முடிந்து பிரார்த்திக்கிறார்கள். முக்கியமான சடங்குகள் ஜூனில் நடக்கும். தலைக்குமேல் ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டுப் பேசினால், கீழே பிரார்த்தனை எப்படி ஓடும்?

1995-ல் தேசியப் பூங்கா நிர்வாகம் ஒரு வழி செய்தது. பாறையில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது; வல்லூறு கூடு கட்டும் பக்கம் வசந்த காலத்தில் ஏறக் கூடாது. இவை கட்டளைகள். ஜூன் மாதம் முழுக்க ஏறாதிருங்கள் என்பது மட்டும் வேண்டுகோள். மீறினாலும் அபராதம் இல்லை. இதையும் எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். வேண்டுகோள் செல்லும் என்றே தீர்ப்பானது. ஜூனில் ஏறுவோர் தொகை பெருமளவு குறைந்தது. தண்டனைக்குப் பயப்படாமல், பிறர் பக்திக்காகவே விலகி நின்றார்களே, அது பெரிய விஷயம். ஆனாலும் இன்னும் சிலர் ஏறத்தான் செய்கிறார்கள்.

அங்கே போகும் நேயர்கள் பாறையைச் சுற்றியுள்ள இரண்டு கிலோமீட்டர் பாதையில் நடந்து பாருங்கள். மரத்துத் துணிகளைத் தொடாதீர்கள்.