ஸ்கேனுக்கு அனுப்பிய நெல்லிக்காய்

நடுவர் அவர்களுக்கும், எண்களாலேயே எங்களை அடித்துப்போட்டுவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பருக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஷிப்ட் முடித்த கையோடு வந்திருக்கிற தோழர்களுக்கும், திருவள்ளூர் தாய்மார்களுக்கும் வணக்கம்.

"ஆங்கிலத்தில் எழுதும்போது அளவைப் புரியவைப்பது எண்ணா, பொருளா?" பொருளே என்பது எங்கள் கட்சி.

"மில்லிமீட்டர் இருக்க எலுமிச்சம்பழம் எதற்கு?" என்றார் நண்பர். ஐயா, மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே வந்தாச்சு. இங்கே உருட்டாலையிலே கம்பி மில்லிமீட்டரிலேதான் உருளுது. ஆனா வாங்க வர்ற மேஸ்திரி, "மூணு நூல் கம்பி குடு"ங்கிறார்! (சிரிப்பு) அங்குலத்துக்கு எட்டு நூல். "மூணு எண்ணுதானே?"ன்னு நண்பர் கேட்பார். நூல் இல்லாம அந்த மூணு எங்கே ஐயா நிற்கும்?

வெள்ளைக்காரன் மட்டும் என்ன? மூன்று பார்லி மணி ஓர் அங்குலம் என்றான். இன்றைக்கும் பிரிட்டிஷ் செருப்பிலே ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு பார்லி மணிதான் வித்தியாசம். நம் முன்னோர் எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல் என்றார்கள்.

ஆனா, பொருளைப் பார்த்து எடுக்கணும். நம்ம பிள்ளை ஆலங்கட்டி மழையை இங்கிலீஷ்லே எழுதுது: "கோல்ஃப் பந்து அளவு." அது கோல்ஃப் பந்தைக் கண்டதா? அதன் குறுக்களவு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். நம்ம எலுமிச்சம்பழம்தான் ஐயா அது! 'லைம்' என்று எழுதட்டுமே. 'லெமன்' என்றால் வெளிநாட்டான் பெரிய பழத்தை நினைப்பான். படிக்கிறவனுக்கும் தெரிஞ்ச பொருளா இருக்கணும். ஆளுக்கு ஆள் அளவு மாறாததா இருக்கணும். தீப்பெட்டி சொல்லலாம். பூசணிக்காய் என்றால், எந்தப் பூசணிக்காய்? (சிரிப்பு)

கடைசியா ஒண்ணு. ஒரு கம்பெனியிலே வேலை பார்க்கிற பெண், மார்பிலே கட்டி என்று டாக்டரிடம் போகிறாள். கையிலே ஸ்கேல் கிடையாது. "பட்டாணி அளவு இருந்துச்சும்மா, இப்போ நெல்லிக்காய் அளவு" என்கிறாள். கட்டி வளருதுங்கிற சேதி ரெண்டே சொல்லிலே வந்தாச்சு! டாக்டர் அதைத்தான் இங்கிலீஷிலே கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். பிறகு ஸ்கேன் மில்லிமீட்டர் சொல்லட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா அவளை அந்த ஸ்கேனுக்கு அனுப்பினது எண் இல்லை ஐயா, நெல்லிக்காய்! (பலத்த கைதட்டல்)

எண் கணக்கை முடிக்கும்; பொருள்தான் பேச்சைத் தொடங்கும். ஆகவே பொருளுக்கே தீர்ப்பு தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.