மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். புராஸ்டேட் வீக்கத்துக்கு நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற ஒரே தகுதியில்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும். இது மட்டும் பீரோவுக்குள் இருக்கும். பல வீடுகளில் மனைவிக்கே பெயர் தெரியாது. அந்தக் கூச்சம்தான் ஆபத்து.

இந்த நோய்க்கு அதிகம் எழுதித் தருவது இரண்டு வகை மருந்துகள். டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் என்பவை ஒரு வகை. இவை சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதித் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு இன்னொரு வகை. இவை சுரப்பியையே மெல்லச் சுருக்கும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு மாதம் பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் இதைத்தான் நிறுத்துகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே கேப்ஸ்யூலாகவும் வருகிறது. உங்கள் ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் வேறாக இருக்கும். கணக்கு எண் இரண்டு, கணக்குதாரர் ஒருவர் என்பது போல, ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குவது இப்படித்தான்.

தசையைத் தளர்த்தும் மருந்து ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தும். அதனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். நாமோ இரவில் இரண்டு மூன்று முறை எழுகிறவர்கள்! பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், புராஸ்டேட்டை மறந்தே போவோம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மருந்து ஆரம்பித்த முதல் சில நாட்களும், டோஸ் கூட்டிய நாட்களும் கூடுதல் கவனம் வேண்டும். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளை உணவுக்குப் பின், சுமார் அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்வதற்கும் இதே காரணம்தான். வெறும் வயிற்றில் அது ரத்தத்தில் அதிகம் ஏறும். ஏகாதசி, சஷ்டி என்று இரவு உணவை விடுகிறவர்கள் அன்றைக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேப்ஸ்யூலைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம். பல நாள் விட்டுப்போயிருந்தால், டாக்டரைக் கேட்காமல் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

இனி, யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு வருகிறேன். கண்புரை ஆபரேஷன் நம் வயதில் வீட்டுக்கு ஒன்று. டாம்சுலோசின் போன்ற மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷன் நடுவில் கருவிழிப்படலம் தொய்ந்து, பாப்பா சுருங்கிவிடக்கூடும். முன்பே தெரிந்தால் கண் டாக்டர் அதற்கு ஏற்பாட்டோடு வருவார். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்துக் கடையில் "மூக்கடைப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பதற்கு முன்பும் சொல்லுங்கள். சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமைன் உள்ள சளி மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். அடிவயிறு முட்டி வலித்தும் சிறுநீர் சொட்டுகூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாம்பத்தியத்துக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையும் பிரஷரை இறக்கும். இதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

சுருக்கும் மருந்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சுமார் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால், மருந்து இல்லாமல் அது 6 ஆக இருந்திருக்கலாம். லேப் தாளில் 'நார்மல்' என்றுதான் அச்சாகும். டாக்டருக்கு மருந்து விஷயம் தெரியாவிட்டால், புற்றுநோயின் முதல் அறிகுறி அங்கேயே மறைந்து போகலாம். பாதியான பிறகு மறுபடி ஏறினாலும் காட்டுங்கள்.

இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ இந்தச் சுருக்கும் மருந்தை, உடைந்த மாத்திரையாகவோ கசியும் கேப்ஸ்யூலாகவோ, கையால் தொடக்கூடாது. ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். டூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறவர், நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை ரத்த தானமும் செய்யக்கூடாது.

எல்லா மாத்திரைகளின் மருந்துப் பெயரையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். படிக்கக் கண் தெரியாதவர்கள் ஞாயிறு காலை ஸ்ட்ரிப்போடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். என் கையெழுத்து இன்னும் லெட்ஜர் எழுத்துதான். பெரிதாக எழுதித் தருகிறேன். வெளியே போன அந்த இரண்டு நண்பர்களும் வரலாம், யாரிடமும் சொல்ல மாட்டேன்.