மண்ணைக் கேட்டல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"மண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று காலனி அன்பர்கள் சிலர் காலையிலிருந்தே நகைத்துக்கொண்டிருக்கின்றனர். அந்நகைப்பில் நியாயமுண்டு. பாலம் கட்டியவர் பாலத்தைக் காட்டலாம். மாளிகை எழுப்பியவர் மாளிகையைக் காட்டலாம். அடித்தள மண்ணை ஆராயும் பொறியாளராகிய எங்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை. எங்கள் வேலை செவ்வனே நடந்திருந்தால் அது மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. பிழைபட்டிருந்தால் சுவரில் வெடிப்பாக வெளிப்படுகிறது.

நாம் பிழைக்க வந்த இக்கொல்கத்தா மாநகரம், கங்கை கொணர்ந்து கொட்டிய வண்டலின்மீது அமைந்தது. மேலே பழுப்புக் களி. அதன்கீழ் மெல்லிய சாம்பல் நிறக் களி. பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் மக்கிய மரத்துண்டுகள் கறுப்பாகத் துளைக்கருவியோடு மேலே வருகின்றன. எக்காலத்துச் சதுப்புக் காடோ! கெட்டிக் களியும் மணலும் அதற்கும் கீழேதான்.

இம்மெல்லிய களியின் குணத்தை நம் வீட்டுத் தாய்மார்கள் எளிதில் அறிவார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, தயிர் சுருங்கி இறுகுகிறதல்லவா? கட்டடத்தின் பாரம் ஏறியதும் களியும் அவ்வாறே நீரைக் கசியவிட்டுச் சுருங்குகிறது. தயிருக்கு ஓரிரவு போதும். களிக்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஆகவே, குடிபுகுந்த நாளில் குறையின்றி நின்ற வீடு, குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயதில் சாயத் தொடங்கலாம்.

மண்ணின் வலிமையை அறிய, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுகிறோம். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. நம்மூர்ப் பழங்கொத்தனாரோ மனையிற் குழி தோண்டி, அதே மண்ணை இட்டு நிரப்பி, மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாது என்பார். கல்லூரிப் படிப்பின் செருக்கில் அதைக் கேலி செய்தவர்களே நாங்கள். இறுகிய மண் தோண்டினால் பெருகும், இளகிய மண் மிதித்தால் அடங்கும் என்னும் உண்மை அதிலிருப்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

நாங்கள் இத்துறைக்குப் புதியவர்களாயிருந்த காலத்தில், நகர்ப்புறத்தே நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு மண் பார்க்கச் சென்றோம். மூன்று துளைகள் இட்டாயிற்று. நான்காவது மூலையில் இடவேண்டிய துளையைக் காலமில்லையென்று மேலிடம் கைவிடச் சொன்னது. அன்று மாலை, அக்கம்பக்கத்தார் 'தாகுமா' என்றழைக்கும் மூதாட்டி ஒருவர், கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து, "பாபா, அந்த மூலையில் குளம் இருந்தது, என் மாமியார் காலத்தில் தூர்த்தார்கள்" என்றார். தலையசைத்தோம். அறிக்கையில் கையொப்பமும் இட்டோம்.

ஐந்தாம் ஆண்டு அம்மூலை அமிழ்ந்தது. உயிர்ச்சேதமில்லை. ஆனால், கதவு மூடாத வீடுகளிலிருந்து பாத்திரமும் படுக்கையும் சுமந்து வெளியேறிய குடும்பங்களை நாங்கள் கண்டோம். நம் காலனிக் குடும்பங்களைப் போன்றவர்களே அவர்கள். துளையைக் கைவிடச் சொன்னது மேலிடமாயினும், மூதாட்டியின் சொல்லை எழுதாமல் விட்டது எங்கள் கை.

இம்மண் பெரிய வேலைகளையும் விட்டுவைப்பதில்லை. ஹூக்ளி ஆற்றின் அடியில் 500 மீட்டருக்கு மேல் நீளும் மெட்ரோ சுரங்கம் 2017இல் தோண்டப்பட்டது. 2024 மார்ச்சில் அவ்வழியே வண்டிகள் ஓடத் தொடங்கின. அதே தடத்தில், 2019 ஆகஸ்டு 31 அன்று பௌபஜார்ப் பகுதியில் சுரங்க இயந்திரம் நீர் தாங்கிய மணற்படுகையைத் தொடவே, நீரும் மண்ணும் உட்புகுந்தன. மேலிருந்த பழைய வீடுகள் சில இடிந்தன, பல வெடித்தன. நூற்றுக்கணக்கானோர் வீடிழந்து நின்றனர். ஆற்றின் அடியில் தடையின்றிச் சென்ற வேலை, ஊரின் அடியில் தடுமாறியது.

இன்று நாங்கள் மூத்தவர்கள் என்னும் பெயர் பெற்றிருக்கிறோம். துளையிடும் வேலையை இளைஞர்கள் பார்க்கின்றனர். எங்கள்முன் வருபவை தாள்களே. அடி எண்ணிக்கை நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று படிக்கட்டுப்போல் ஒழுங்காக ஏறினால் ஐயம் பிறக்கிறது. மண் அவ்வளவு ஒழுங்கானதன்று. மரநிழலில் அமர்ந்து எழுதிய கணக்குத்தான் அப்படியிருக்கும்! அத்தகைய தாளைத் திருப்பியனுப்பினால் வேலை இரண்டு வாரம் தள்ளிப்போகும், வசவும் வரும்.

அறிக்கையின் முதற்பக்கத்தில், 'இடத்தின் முதியோரிடம் கேட்டறிந்தவை' என்று ஒரு பத்தி இருக்கவேண்டும் என்பது எங்கள் பிரிவில் இப்பொழுது வழக்கம். அதைக் கண்டு சிரிக்கும் அதிகாரிகள் உண்டு. சிரிக்கட்டும்.

குழந்தைகள் நாடக வேடமிட்டு மேடைக்குப் பின்னே காத்திருக்கின்றனர். அவர்களுக்கு இடம் விடுகிறோம்.