கணையம் செய்யும் வேலையும் நாம் இருக்கும் விரதமும்

(தைப்பூச விரதம் தொடங்குவதற்கு முன் கோயில் மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

ஹார்மோன்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் உடலில் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் என்று சுரப்பிகள் பல உள்ளன. அத்தனையையும் அரை மணி நேரத்தில் சொல்லப் புகுந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும்; எனக்கும் வரும். ஆகவே ஒரே ஒரு சுரப்பியை எடுத்துக்கொள்கிறேன். அது கணையம். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் பலர், வீட்டில் ஒருவருக்காவது 'இனிப்பு நீர்' இருப்பவர்கள். நம் ஊரில் சீனர்களைக் காட்டிலும் இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். அப்படிப்பட்ட நாம்தான் ஆண்டுதோறும் விரதம் இருந்து, பால்குடமும் காவடியும் எடுத்துக்கொண்டு, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறோம்.

ஹார்மோன் என்ற சொல் பிறந்ததற்கே கணையம்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1902ஆம் ஆண்டில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள், மைத்துனர் உறவுடையவர்கள், ஒரு சோதனை செய்தார்கள். உணவு குடலுக்குள் இறங்கியவுடன் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. இந்தச் செய்தி நரம்பு வழியாகப் போகிறது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். அவர்கள் குடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் சுரந்தது! ஆகவே செய்தி இரத்தத்தின் வழியாகப் போயிருக்க வேண்டும் என்று கண்டார்கள். இப்படி இரத்தத்தில் பயணம் செய்யும் இரசாயனத் தூதர்களுக்கு 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். 'தூண்டிவிடுவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

கணையத்துக்கு இரண்டு வேலை. செரிமான நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. மற்றொன்றைச் செய்பவை அதற்குள் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு உயிரணுத் திட்டுகள். இவற்றை 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் முதன்முதலில் கண்டு எழுதினார். கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இவை. இங்கிருந்துதான் இன்சுலினும், அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககானும் நேராக இரத்தத்தில் கலக்கின்றன.

நம் உடலின் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி! அந்த அளவு கூடாமலும் குறையாமலும் இரவும் பகலும் காப்பது இந்த இரண்டு ஹார்மோன்களின் பெரும்பணி. நாம் பசியாறியவுடன் இன்சுலின் கூடி, சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. மிச்சத்தைக் கல்லீரலில் சேமிக்கச் செய்கிறது. விரதம் இருக்கும்போது இன்சுலின் தணிந்து குளுக்ககான் எழுகிறது. கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்து சிறிது சிறிதாக விடுகிறது. அது ஏறத்தாழ ஒரு நாளில் தீரும் நிலைக்கு வந்தால், கொழுப்பு எரியத் தொடங்குகிறது. ஆரோக்கியமான ஒருவர் ஒருவேளை மட்டும் உண்டு விரதம் காக்க முடிவது இந்த ஏற்பாட்டினால்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விரதத்தின்போது இன்சுலின் தணிகிறது என்றேன். நின்றுவிடுகிறது என்று சொல்லவில்லை. சிறிதளவு எப்போதும் இருந்தாக வேண்டும். அது அடியோடு இல்லாவிட்டால் கல்லீரல் கட்டுப்பாடின்றிச் சர்க்கரையைக் கொட்டும். கொழுப்பு அளவுமீறி எரிந்து இரத்தம் அமிலமாகும். "நான்தான் சாப்பிடவில்லையே டாக்டர், பிறகு எதற்கு ஊசி?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

ஒரு காலத்தில் பட்டினியே இந்நோய்க்கு மருந்தாக இருந்தது. 1910களில் அமெரிக்காவில் ஆலன் என்ற மருத்துவர் நோயாளிகளை அரைப் பட்டினியில் வைத்து ஆயுளைச் சிறிது நீட்டினார். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் காத்திருந்தார்கள். 1921இல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங் என்ற அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும், பேராசிரியர் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு சுத்தமாக இல்லாததால் பயன் குறைவு. ஊசி போட்ட இடம் புண்ணானதுதான் மிச்சம். காலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23இல் மீண்டும் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, பையன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நன்கொடையாளர்கள் நிறைந்த சபை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்தவர்கள் அந்தக் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்ற விலை தலைக்கு ஒரு டாலர். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் கிடைத்தபோது, பான்டிங் தம் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கும், மெக்லியோட் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

அடுத்து ஒரு சங்கடமான விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் என்னிடம் வந்தார். சுத்த சைவம். சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை. ஊசி வேண்டவே வேண்டாம் என்றார். பயம் என்று நினைத்தேன். மூன்றாவது முறை வந்தபோதுதான், மகள் வெளியே போனபிறகு, மெல்லக் கேட்டார்: "ஐயா, அது மாட்டிலிருந்து எடுக்கிறதாமே?" அவருடைய கேள்வி அறியாமையால் வந்ததன்று. பல பத்தாண்டுகள் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. ஆனால் 1982இல் மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனித மரபணுவை நுண்ணுயிருக்குள் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். இன்று நம் மருந்தகங்களில் வழக்கமாகக் கிடைப்பது பாக்டீரியா அல்லது ஈஸ்ட்டில் இவ்வாறு உண்டாக்கப்படுவதுதான். பெட்டியைக் காட்டி விளக்கினேன். அன்றே ஊசிக்குச் சம்மதித்தார். முதல் முறையே நான் காரணம் கேட்டிருந்தால் எத்தனையோ மாதங்கள் வீணாகியிருக்காது. உங்கள் மனத்தில் இப்படி ஏதும் இருந்தால் மருத்துவரிடமோ தாதியிடமோ வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி விரதத்துக்கு வருவோம். மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. கிளிபிசைடு, கிளிக்ளசைடு போன்றவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டும்; வெறும் வயிற்றில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரைகள் உண்டு. அவற்றோடு நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகக்கூடும். ஆகவே எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை, விரதம் தொடங்கும் முன்பே பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாளாக எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. அவர்களுடைய அட்ரீனல் சுரப்பி சோம்பிப் போயிருக்கும்.

ஊர்வலத்தில் கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அதை அருள் என்றோ வெயில் என்றோ எண்ணிவிடாதீர்கள். சர்க்கரை இறங்கும்போது அட்ரீனலின் அடிக்கும் அபாய மணியாகவும் அது இருக்கலாம். விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் 4க்குக் கீழ் காட்டினால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கருவி இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995க்கு அழையுங்கள். பால்குடம் எடுப்பவருடன் நடந்து வரும் உறவினர் தம் பையில் இனிப்புப் பானப் பொட்டலம் ஒன்றை வைத்திருக்கட்டும். "விரதம் முறிந்துவிடுமே" என்று அந்த நேரத்தில் தயங்க வேண்டாம். இதைப் பற்றி நம் கோயில் குருக்களிடமும் பேசினேன். உயிருக்காக எடுக்கும் சர்க்கரைத் தண்ணீரை முருகன் கணக்கில் வைக்கமாட்டான் என்று சிரித்தார்.

அறக்கட்டளையினருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பந்தலில் மோரும் தண்ணீரும் தருகிறோம். அவற்றோடு ஒரு டப்பா சர்க்கரையும், சர்க்கரை அளவு பார்க்கத் தெரிந்த தொண்டர் ஒருவரும் இருந்தால் போதும், செலவு அதிகமில்லை. தலைவர் தலையசைக்கிறார். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.