அயலூரில் பிணை



நான் வழக்கறிஞன் அல்லேன். இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். எனினும், மாதச் சம்பளச் சீட்டு உடையவன் என்பதால் ஜாமீனுக்குக் கையெழுத்துக் கேட்டு என்னிடம் வருவோர் உண்டு. அதனாலேயே இப்பொருளை ஓரளவு கற்றேன்.

குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளி அல்லன். விசாரணைக்குத் தவறாமல் வருவான் என்ற உறுதியின்பேரில் அவனை வெளியே விடுவதே பிணை. 2024 ஜூலை 1 முதல், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிணையின் வகைகள் பெரிதும் பழையனவே.

சிறு அடிதடி போன்ற குற்றங்களில் பிணை உரிமையாகும். காவல் நிலையத்திலேயே பெறலாம். கொலை, கொள்ளை போன்றவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. ‘பிணையில் விடத்தகாத குற்றம்’ என்ற பெயரைக் கேட்டு, பிணையே கிடையாது என்று அஞ்ச வேண்டியதில்லை. பெண்களுக்கும் நோயுற்றோர்க்கும் தளர்வு காட்டச் சட்டம் இடமளிக்கிறது. கைதுக்கு அஞ்சுவோர் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கோரலாம்.

நம்மவர் பலர் அறியாத வகைகள் இரண்டு. பொதுவாக 60 நாட்களிலும், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றமாயின் 90 நாட்களிலும் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில், பிணை பெறும் உரிமை பிறக்கிறது. ஆனால் பத்திரிகை வந்துசேருமுன் அதைக் கேட்டுவிட வேண்டும். அடுத்தது, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவர்க்கு உரியது. முதன்முறை வழக்கில் சிக்கியவர்க்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரணதண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வழக்குகள் பல உள்ளவர்க்கும் இச்சலுகை பொருந்தாது.

இவ்வளவு வாயில்கள் இருந்தும் ஏழைகள் உள்ளேயே கிடப்பது ஏன்? பிணை உத்தரவு கிடைக்கிறது, பிணையாளி கிடைப்பதில்லை. தாராவியில் உழைப்பவனுக்கு வீடும் நிலமும் திருநெல்வேலிச் சீமையில் இருக்கும். உள்ளூர்ப் பிணையாளிக்கு அவன் எங்கே போவான்?

இக்கேள்வியை உச்ச நீதிமன்றமே 1978இல் ஆராய்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்னும் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணையாளி கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று மறுத்துவிட்டார். நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனை ஏற்கவில்லை. தொலைதூர ஊரில் கைதாகும் தமிழனோ மலையாளியோ என்ன செய்வான் என்று நம் பெயரைச் சொல்லியே கேட்டு, 1,000 ரூபாய்ச் சொந்த முச்சலிக்கையில் அந்தக் கொத்தனாரை விடுவிக்கச் செய்தார். 2023 ஜனவரி 31இல் அதே நீதிமன்றம் மேலும் வழி வகுத்தது. உத்தரவு பெற்றும் 7 நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானே எண்ணிப் பார்க்கலாம்.

பிணையில் விடத்தக்க குற்றத்தில், ஒரு வாரத்திற்குள் பிணையாளி தர இயலாதவனை வறியவனாகக் கருதிச் சொந்த முச்சலிக்கையிலேயே விட வேண்டும் என்பதும் சட்டம்.

அன்பர்களே! கையெழுத்திடுவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். விடுவிக்கப்பட்டவன் தவணைக்கு வராவிட்டால் முச்சலிக்கைத் தொகை நம் தலையில் விழும். ஆகவே ஆளையும் குடும்பத்தையும் அறிந்தே கையெழுத்திடுக. கூலிக்குப் பிணை நிற்கும் தரகரை நாடாதீர்கள்; பொய்ச் சான்று புதிய வழக்கைக் கொணரும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிலையான வேலையும் வீடும் உள்ள உறுப்பினர் நம்மிடையே பலர். தக்கவர்க்குப் பிணை நிற்க இசைவோரின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்துக்கொள்ளலாகாதா? வழக்கறிஞர் அமர்த்த வழியற்றோர்க்கு 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையாவது சொல்லி வைப்போம். பிணையாளி இன்மையால் ஒருவன் சிறையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் வீட்டில் அடுப்பு எரியாத நாள். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு நாமே உறவு.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!