பாத்திரங்களை மூடி வையுங்கள்

 



பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளுக்கு வெள்ளை அடிக்கிறோம், ஒட்டடை அடிக்கிறோம், பரணைக் காலி செய்கிறோம். மிக நல்ல பழக்கம். ஆனால் பெருநாள் பிறையைப் பார்த்து வருகிறது. நோயோ பருவத்தைப் பார்த்து வருகிறது. நம் மாதங்கள் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. ஆகவே பெருநாள் துப்புரவை மட்டும் நம்பும் வீடு, பல ஆண்டுகளில் மழைக்காலத்தை அழுக்கோடுதான் எதிர்கொள்ளும்.

ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. பாத்திரங்களை மூடுமாறும், தண்ணீர்த் தோல்பைகளின் வாயைக் கட்டுமாறும் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஆண்டில் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்குகிறது, மூடப்படாத பாத்திரத்தை அது விட்டுவைப்பதில்லை என்று காரணமும் கூறினார்கள். அதன் அறிவிப்பாளர்களில் ஒருவரான லைஸ் (ரஹ்) அவர்கள், அரபியரல்லாத மக்கள் கானூனுல் அவ்வலில், அதாவது டிசம்பரில், இதற்கு அஞ்சி விழிப்புடன் இருப்பார்கள் என்கிறார்கள். இந்த ஹதீஸ் டெங்குவையே குறிக்கிறது என்று நான் வலிந்து கூற மாட்டேன். மூடச் சொன்ன கட்டளை போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் என் இளைய மகளுக்கு டெங்கு கண்டது. ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம். அல்லாஹ்வின் கிருபையால் நலமடைந்தாள். பிறகு கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வந்து, எங்கள் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டை இழுத்துக் காட்டினார். அதில் புழுக்கள் நெளிந்தன. மிம்பரில் நின்று தூய்மை பேசுகிறவன் வீட்டில்!

அவரிடம் நான் கற்றது இது: ஏடிஸ் கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடுகிறது. நீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவாமல் பயனில்லை. கோடையிலும் இதில் விலக்கில்லை. 2012ஆம் ஆண்டு கடையநல்லூர்ப் பகுதியில் டெங்கு பரவியது மே, ஜூன் மாதங்களில்தான். குழாய்நீர் எப்போதாவது வரும் ஊரில் குடம் குடமாகப் பிடித்து வைப்போம் அல்லவா? அந்தக் குடங்களும் மூடப்பட வேண்டியவையே.

முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். நமக்கோ வாரந்தோறும் ஜும்ஆ வருகிறது. அன்று குளிப்பது சுன்னத். அன்றே தொட்டியையும் அண்டாவையும் தேய்த்துக் கழுவும் வீட்டில் அந்தப் புழு இறக்கை முளைக்க வழியேது?

இதைப் பெண்கள் தலையில் சுமத்திவிட்டுச் சாய்வு நாற்காலியில் அமராதீர்கள். தொழுகைக்கு அழைக்கப்படும் வரை நபி (ஸல்) அவர்கள் வீட்டாருக்குப் பணிவிடை செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. நம் மாடியில் பிறந்தது அண்டை வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும். இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், உணவுக்கு அமருமுன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா? சிரட்டை, உடைந்த வாளி, பழைய டயர் ஏதும் கிடக்கிறதா? பக்கத்து வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி இருந்தால் அவருடைய மாடிக்கும் ஏறுங்கள். அந்தத் தொட்டி மூடியைத் தூக்க அவரால் இயலாது.