பீவரா, காளானா? மரத்தை வீழ்த்துவதில் வல்லவர் யார்?



மரத்தை வீழ்த்தும் உயிரினம் எது என்று கேட்டால், பலரும் பீவரைத்தான் சொல்வார்கள். ஆற்றிலும் குளத்திலும் வாழும் பாலூட்டி அது. இரும்புச்சத்து கலந்த செம்மஞ்சள் முன்பற்களால் மரத்தைக் கொறித்துச் சாய்த்து, ஓடும் நீருக்கு அணை கட்டிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், துணைக்கோளப் படங்கள் வழியே 2007-இல் கண்டறியப்பட்ட பீவர் அணை முக்கால் கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது!

ஆனால், அதே வட அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் மால்ஹியூர் காட்டில் ஒரே ஒரு தேன்காளான் ஏறத்தாழ 965 ஹெக்டர் பரப்பில் மண்ணுக்கடியில் படர்ந்திருக்கிறது. அதன் வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். காலணிக் கயிறு போன்ற கரிய இழைகளால் அது வேருக்கு வேர் தாவி மரங்களைக் கொல்கிறது.

பீவர் தின்பது பெரும்பாலும் பட்டையையும் அதன் அடியில் உள்ள இளந்திசுவையும்தான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை அதனால் செரிக்க முடியாது. காளானோ அந்த லிக்னினையே சிதைத்துவிடும். பீவர் வெட்டிய வில்லோ மரத்தின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேர் அழுகிய மரம் துளிர்க்குமா? பீவரைத் தடுக்க, மரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டினால் போதும். மண்ணுக்குள் வரும் காளானுக்கு எந்த வலையைக் கட்டுவது?

இது தூர தேசத்துக் கதை மட்டும் அன்று. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் கானோடெர்மா என்னும் காளான் இதையே செய்கிறது. குருத்து விரியாமல் நிற்கும், கீழ்மட்டைகள் தொங்கும். அடித்தண்டில் காளான் தலைகாட்டும்போது உள்ளே பெரும்பகுதி அழுகிப் போயிருக்கும். அந்த நிலையில் மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனால்தான் மறுநடவின்போது பழைய அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்துச் சிதைக்கச் சொல்கிறார்கள். செலவுக்கு அஞ்சி அதை விட்டுவைத்தால், பழைய நோய் புதிய கன்றுக்குச் சொத்தாகப் போய்ச் சேரும்.

காளான் கொடியது என்பதன்று வாதம். பட்ட மரத்தை மட்கச் செய்து மண்ணுக்கு உரமாக்கும் காளான்கள் இல்லையென்றால் காடே விறகுக் குவியலாகிவிடும். ஆனால் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்ட தோட்டத்தில், அந்த ஆற்றலே இழப்பாகிறது.

ஆகவே, வல்லவர் பீவர் அல்ல, காளானே! ஓசையோடு விழும் மரத்தை ஊரே பார்க்கும். ஓசையின்றி அழுகும் வேரைத் தோட்டக்காரர்தான் முன்கூட்டியே தேடிப் பார்க்க வேண்டும்.